எல்லைக்கல்லை நட்ட கை

அன்பு மாணவிக்கு,

சென்ற வாரம் வகுப்பு முடிந்து நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து ஒரு கேள்வி கேட்டாய். "இனம் என்பது சமூகம் கட்டியது என்றால் அது பொய்தானே ஐயா? பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறோம்?" பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது. படித்தவர்கள் பலர் இதே இடத்தில் வழுக்கி விழுவதைப் பார்த்து எனக்கு மனம் சலித்திருக்கிறது. நீ விழக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

தோலின் நிறமி, மரபணு பற்றியெல்லாம் உனக்கு மறுபடி பாடம் எடுக்கப் போவதில்லை. மனிதருக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவான்டின் 1972-இல் கணக்கிட்டதை நீயே உன் கட்டுரையில் எழுதியிருந்தாய். நல்லது. 'கட்டியது' என்று கேட்டதும் 'பொய்' என்று தாவிவிடுகிறாயே, அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு.

உங்கள் ஊர் வயலோரத்தில் சர்வே கல் பார்த்திருப்பாய். அது மண்ணில் முளைத்ததில்லை. யாரோ ஒரு நாள் சங்கிலி பிடித்து அளந்து நட்டுவிட்டுப் போனார்கள். அதற்காக அந்தக் கல்லைப் பொய் என்று சொல்ல முடியுமா? அதை வைத்துப் பட்டா மாறுகிறது, வழக்கு நடக்கிறது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. இனமும் அப்படித்தான். அந்தக் கல்லை யார், எப்போது, எதற்காக நட்டார்கள் என்று தேடிப் போவதுதான் நம் வேலை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள். முதுகலை படித்த காலத்தில் நூலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படித்தேன். அன்றைக்குக் கிடைத்த தெளிவு வேறெந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1790-இல் வந்த சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம். 1870-இல் ஆப்பிரிக்க வழிவந்தவர்களையும் சேர்த்தார்கள். ஆசியர்களுக்கு இடமில்லை. ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவா குடியுரிமை கேட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் பேசியது ஆங்கிலம், குடும்பம் போனது அமெரிக்க தேவாலயம். தன் தோல் பல வெள்ளையரின் தோலைவிட வெளுப்பு என்றும் வாதிட்டார். 1922 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. நிறம் கணக்கில்லை, வெள்ளையர் என்றால் 'காக்கேசிய' இனத்தவர் என்றது.

அடுத்து வந்தார் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர் பகத் சிங் திந்த். முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அந்தக் கால இனநூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே எழுதின. ஒசாவா தீர்ப்பின் அளவுகோலையே பிடித்துக்கொண்டு அவர் உரிமை கேட்டார். 1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. அறிஞர்கள் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் வெள்ளையன் என்று யாரைக் கருதுகிறானோ அவனே வெள்ளையன். திந்த் அப்படியில்லை என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட். இடையில் கழிந்தவை 98 நாட்கள்.

இந்த இடத்தில் நின்று யோசி. ஒசாவாவைத் தள்ள விஞ்ஞானம் உதவியது. திந்தைத் தள்ள அதே விஞ்ஞானத்தைத் தூக்கிப் போட்டார்கள். அதுவும் எப்படிப்பட்ட விஞ்ஞானம்! 'காக்கேசியர்' என்ற சொல் கோட்டிங்கன் பேராசிரியர் புளுமன்பாக் 1795-இல் நிலைநாட்டியது. காக்கசஸ் பகுதியான ஜார்ஜியாவின் பெண்ணொருத்தியின் மண்டையோடு அவர் கண்ணுக்கு மிக அழகாகத் தெரிந்தது; அந்த ரசனைதான் ஓர் இனத்துக்குப் பெயரானது. சாதாரண மனிதனின் கருத்து என்று நீதிமன்றம் சொன்னது என்ன? தெருவில் ஒருவரைப் பார்த்ததும் இவன் இப்படிப்பட்டவன் என்று முத்திரை குத்துகிறோமே, அதுதான். அந்த முத்திரை அன்றைக்குச் சட்டமாகிவிட்டது.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921-இல் குடியுரிமை பெற்றவர். பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வாழப் பிடிக்காமல் மனைவி மக்களோடு கடல் கடந்தவர். திந்த் தீர்ப்புக்குப் பின் அவருடைய குடியுரிமை பறிபோனது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்பது கலிபோர்னியச் சட்டம்; ஆகவே சொத்தும் போனது. இந்தியா போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டார். மறுத்தார்கள். எந்தப் பேரரசை விட்டு வந்தாரோ அதன் பாஸ்போர்ட்டில் போகச் சொன்னார்கள். 1928-இல் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வீட்டுக்குப் போய் "இனம் பொய்தானே" என்று உன்னால் சொல்ல முடியுமா, அம்மா?

கல்லைப் பிடுங்கி மாற்றி மாற்றி நட்டதற்குச் சாட்சி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். கலிபோர்னியாவில் உழுத சீக்கியரும் முஸ்லிமும் அந்தக் கட்டத்தில்தான் விழுந்தார்கள். 1970-இல் இந்தியர்கள் வெள்ளையரோடு எண்ணப்பட்டார்கள். 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. ஒரே ஆள் ஒரே வீட்டில் இருந்தபடி மூன்று இனமாகியிருக்கிறார். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் அதன் கட்டங்களின் தலைப்பு எந்த ஆண்டில் மாறியது என்று முதலில் பார். நட்ட கை அங்கே அகப்படும். நாற்பது ஆண்டுகளாக இதை எல்லா மாணவர்களுக்கும் சொல்லி வருகிறேன்.

தமிழில் 'இனம்' என்ற சொல்லை நாம் கையாளும் விதமும் என்னை வருத்துகிறது. மாட்டுக்கும் இனம், மொழிக்கும் இனம், சாதிக்கும் இனம், தோலுக்கும் இனம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினால் சிந்தனை எப்படித் தெளியும்? திருக்குறளின் 46-ஆம் அதிகாரம் 'சிற்றினம் சேராமை'. அங்கே இனம் என்றால் நாம் சேரும் கூட்டம். பிறப்பைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. சேரலாம், விலகலாம். அப்படிப்பட்ட சொல்லை ரத்தத்தோடு பிணைத்து இறுக்கியது பிற்கால வேலை.

திந்தைப் பற்றி ஒன்றை மறைத்தால் நான் ஆசிரியன் அல்ல. தன்னை உயர்சாதி இந்து என்று சொல்லித்தான் அவர் வழக்காடினார். அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரோடு மணவுறவு கொள்ளாதது போலவே உயர்சாதியினர் இந்தியப் பழங்குடிகளோடு கொள்வதில்லை; ஆகவே எங்கள் ரத்தம் தூயது என்பது அவர் தரப்பு வாதம். தன் நிலத்தை மீட்க அடுத்தவன் நிலத்தில் கல் நட்டார். அவருக்கு நேர்ந்த அநீதிக்காக மனம் கலங்குகிறேன். இந்த வாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் 1936-இல், ராணுவத்தில் இருந்தவர் என்பதற்காக அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. மற்ற இந்தியர்கள் 1946 வரை காத்திருந்தார்கள்.

நம் ஊரிலும் அளவுகோல் பிடித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதினார். மூக்கு குறுகக் குறுகச் சாதி உயரும் என்றார் பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி. 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர் அதே மூக்களவுகளை எடுத்து வைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்று காட்டினார்.

உன் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. வேறு வேறு இனம் என்பது தவறு என்று நிறுவியதும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. ரத்தத்தில் வேறுபாடு இல்லையென்றால் தீண்டாமை எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று அடுத்த பக்கத்துக்குப் போனார். நீயும் அப்படிப் போக வேண்டும். "பொய்தானே" என்பது கேள்வியின் முதல் பாதி. மறு பாதியை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வா. பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியன்