பழைய கார் ஏன் இடிக்கிறது?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உட்வர்டு அவென்யூ என்றொரு நீண்ட சாலை உண்டு. 1995-ல் தொடங்கி, ஆகஸ்ட் மாதங்களில் அந்தச் சாலையில் பழங்கார்ப் பிரியர்கள் தத்தம் வண்டிகளுடன் கூடுகிறார்கள். சாலையோரம் மடக்கு நாற்காலியைப் போட்டு, காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வருவோர் போவோரிடம் இயந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்கள் பெரிதும் கொண்டாடுவது 1960-களின் 'மஸில் கார்'களை. நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய இயந்திரத்தைப் பொருத்தினால் கிடைப்பதுதான் அது. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காரின் எட்டு உருளைகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6.4 லிட்டர், திறன் 325 குதிரைத் திறன். நம் அம்பாசடரின் பழைய இயந்திரம் ஒன்றரை லிட்டர்தான். திறனோ 50 குதிரைத் திறன் அளவில் இருந்தது. (அந்த 325-ஐ அப்படியே நம்பிவிட வேண்டாம். விசிறி, ஒலிதடுப்பான் முதலியவற்றைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைத் தனியே வைத்து அளந்த கணக்கு அது!)

அத்தகைய கார்கள் நம் நாட்டுக்கு வந்தது அரிது. ஆனால் அவற்றின் மூத்த உறவினர்களைச் சென்னையில் நீங்கள் பார்க்கலாம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் அங்கே பழங்கார்க் கண்காட்சிகளை நடத்திவருகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. விடுதலைக்குப் பின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் டாட்ஜ், பிளிமத் கார்களைப் பூட்டியது. அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன.

அப்படியொரு கூட்டத்திற்குக் கண்ணமங்கலத்திலிருந்து என் அக்காள் மகனையும் அழைத்துப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு மாணவன்; வீட்டில் பட்டுத்தறி. பழைய டாட்ஜ் ஒன்று சரிவுப் பாதையில் ஏறியபோது உள்ளேயிருந்து 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுந்தது.

"மாமா, நாடா அந்தப் பக்கம் போய்ச் சேருமுன் அச்சு அடித்துவிட்ட மாதிரி இருக்கிறதே!" என்றான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் காது பொய் சொல்லாது. மிதியை அழுத்தியதும் பாவு இழைகள் விலகி வழிவிடுகின்றன. நாடா குறுக்கே ஓடுகிறது. அது மறுகரை சேர்ந்த பிறகே அச்சு வந்து ஊடையை அடிக்கவேண்டும். முந்தினால் நாடா சிக்கிக்கொள்ளும், பாவு அறும். பெட்ரோல் இயந்திரத்திலும் நேரம் தவறினால் ஏறக்குறைய இதே கதைதான்.

உருளைக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. பொறி விட்ட இடத்திலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளவேண்டும். ஆனால் சுடர் பரவும்போதே மறுகோடியில் எரியாமல் எஞ்சியிருக்கும் கலவை மேலும் அழுத்தப்பட்டு, மேலும் சூடேறுகிறது. சுடர் வந்து சேரும்வரை பொறுக்காமல் அது தானாகவே பற்றிக்கொண்டால் அழுத்தம் திடீரென்று உயர்ந்து, அலையாக உருளைச் சுவரில் மோதுகிறது. அந்த ஒலியைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். நாம் இடிப்பு என்போம். தொடர்ந்து இடித்தால் பிஸ்டனே பழுதாகும்.

அழுத்தினால் ஏன் சூடேறுகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெப்பம் வெளியேற நேரமில்லாதபடி காற்றை விரைவாக அழுத்தினால், நாம் செய்யும் வேலை அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. கணக்கும் எளிதே. கன அளவு எத்தனை மடங்கு சுருங்குகிறதோ, அதுவே அழுத்த விகிதம். அதை 0.4 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, தொடக்க வெப்பநிலையால் (கெல்வினில்) பெருக்கவேண்டும். 27 டிகிரி சென்டிகிரேடில், அதாவது 300 கெல்வினில் உள்ள காற்றை ஏழில் ஒரு பங்காகச் சுருக்கினால் 653 கெல்வின் வருகிறது. அது 380 டிகிரி சென்டிகிரேடு. அந்தக் கால டாட்ஜ் கார்களின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7 அளவில்தான். ஜி.டி.ஓ.விலோ 10.75. அதற்குக் கணக்கிட்டால் 776 கெல்வின். 500 டிகிரிக்கும் மேல்! பெட்ரோல் ஆவி கலந்திருப்பதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆயினும் எந்த இயந்திரம் எளிதில் இடிக்கும் என்பது உங்களுக்கே விளங்கும்.

அப்படியானால் விகிதத்தைக் கூட்டுவானேன்? கூட்டக் கூட்ட ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலும் அதிக வேலை தருகிறது. சூத்திரப்படி விகிதம் 7 ஆனால் பயனுறுதிறனின் மேல் எல்லை நூற்றுக்கு 54; 10.75 ஆனால் 61. இந்த ஆசைக்கு இடிப்புதான் தடை.

அந்தத் தடையை 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி நீக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளரான அவர், டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே இடிப்பு அடங்கிவிடுவதைக் கண்டார். ஆல்கஹாலும் இடிப்பைக் குறைக்கும் என்று அவர்கள் அறிந்தே இருந்தனர்; ஆயினும் ஈயமே கடைக்கு வந்தது. ஈயம் உருளைக்குள் படிந்து கெடுக்காதபடி, அதைப் புகையோடு வெளியேற்ற ஒரு புரோமின் சேர்மத்தையும் கலந்தார்கள். இயந்திரம் தப்பியது. ஈயம் எங்கே போயிற்று? தெருவுக்கு.

இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் காரைப் பற்றியே நினைக்காத ஒருவர். கிளேர் பேட்டர்சன், விண்கல்லில் உள்ள ஈய ஐசோடோப்புகளை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் அறிவித்த விஞ்ஞானி. அந்த ஆய்வின்போது எங்கிருந்தோ வந்த ஈயம் அவருடைய அளவைகளையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. தூசியில், தண்ணீரில், மனிதர் தோலில், எங்கும் ஈயம்! காரணத்தைத் தேடிப் போனவர், மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவைவிடப் பன்மடங்கு மிகுந்துவிட்டது என்று 1965-ல் எழுதினார். 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். பல்லில் ஈயம் மிகுந்த குழந்தைகள் அறிவுத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தனர். சாலையோரப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 325 குதிரைத் திறனால் ஒரு பயனுமில்லை. புகை மட்டும் கிடைத்தது.

அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டு மாடல்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. மஸில் கார்களின் காலம் முடியத் தொடங்கியது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி மீதியைப் பார்த்துக்கொண்டது. நம் நாட்டில் ஈயமற்ற பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதற்கும். கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் நிறுத்தியது. நான் பள்ளிக்குப் போன காலத்தில் வேலூர் சாலையில் ஓடிய கார்களும் ஸ்கூட்டர்களும் ஈயப் புகையைத்தான் விட்டன என்று மருமகனிடம் சொன்னபோது, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

டாட்ஜின் சொந்தக்காரர் அவனை அருகே அழைத்தார். "விகிதம் குறைந்த வண்டிதான் தம்பி, இன்றைய பெட்ரோலே போதும். பொறிதான் கொஞ்சம் முந்தி விழுகிறது" என்று சொல்லி, டிஸ்டிரிபியூட்டரைத் தளர்த்திச் சிறிது திருப்பினார். மறுமுறை ஏறியபோது ஒலி இல்லை. அவருடைய கவலை வேறு. 2025-ல் நம் பெட்ரோலில் ஆல்கஹால் நூற்றுக்கு இருபது பங்கை எட்டிவிட்டது. நூறாண்டுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே ஆல்கஹால்தான். அது இடிப்பைக் குறைக்கும். ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அவர் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அழுத்த விகிதம் 9 ஆனால் வெப்பநிலை என்ன? நீங்களே போட்டுப் பாருங்கள். 722 கெல்வின் வரவேண்டும்.