கட்டிய வீடா, கட்டப்போகும் வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று யாராவது ஆரம்பித்தால், மீதியை நாமே சொல்லி முடித்துவிடுவோம். அந்தப் பழமொழிக்குப் பயந்தே பலர் கட்டிய வீட்டைத் தேடுகிறார்கள். "அடுத்தவங்க கட்டின வீடு நமக்கு எதுக்கு?" என்று மனை பார்க்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எதில் செலவு குறைவு? அதையே முதலில் போட்டுப் பார்ப்போம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம், 40 லட்சம் ரூபாயில் தனி வீடு தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, 40 லட்சத்துக்குப் பழைய வீடு வாங்குவது. வீட்டுக்கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் இருந்தால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 32 லட்சம். கைப்பணம் 8 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம். அது 3.60 லட்சம். இந்த விலையுள்ள வீட்டுக்குப் பதிவுச் செலவையும் வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் வாங்க முடியாது. அதுவும் கையிலிருந்துதான் போக வேண்டும். ஒயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று பழுது பார்க்க 1.50 லட்சம் ஒதுக்குங்கள். கூட்டினால் 13.10 லட்சம்.

இரண்டாவது வழி, 20 லட்சத்துக்கு மனை வாங்கி, 20 லட்சத்தில் கட்டுவது. இரண்டுக்கும் சேர்த்து அதே 32 லட்சம் கடன் கிடைத்தால், கைப்பணம் 8 லட்சம். 9 சதவீதம் மனைக்கு மட்டும்தான் என்பதால் பதிவுச் செலவு 1.80 லட்சம். கட்டி முடிக்க ஒரு வருடம் என்றால், மாதம் 10,000 ரூபாய் வாடகைக்கு 1.20 லட்சம். கட்டுமானச் செலவு 10 சதவீதம் கூடினால் இன்னும் 2 லட்சம். கூட்டினால் 13 லட்சம்.

பதிவில் மிச்சமான பணத்தை வாடகையும் கூடுதல் செலவும் சாப்பிட்டுவிட்டன. கடைசியில் வித்தியாசம் 10,000 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டால் தொகை மாறும். ஆனால் ‘இதுதான் சீப்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி எதுவும் இல்லை.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஏற்கெனவே சொந்த மனை இருந்தால், கட்டுவது தெளிவாகவே லாபம். மனையின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

பணம் ஏறக்குறைய சமம் என்றால், எதை வைத்து முடிவு செய்வது? பழைய வீட்டில் சிக்கல் ஏற்கெனவே நடந்து முடிந்ததில் இருக்கிறது. புது வீட்டில் சிக்கல் இனி நடக்கப்போவதில் இருக்கிறது. இரண்டில் எதை உங்களால் சமாளிக்க முடியும் என்பதுதான் உண்மையான கேள்வி.

பழைய வீடு என்றால்

முதலில் மொபைலை எடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். வருவாய்த் துறையின் மின்சேவை இணையதளத்தில் பட்டாவைப் பார்க்கலாம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயர், சர்வே எண், பரப்பளவு ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் 1,100 என்றிருந்தால் அங்கேயே நில்லுங்கள். விடை கிடைத்த பிறகு மேலே பேசலாம்.

வில்லங்கச் சான்றில் பதிவு செய்யப்பட்டவை மட்டுமே வரும். பதிவாகாத ஒப்பந்தமோ, குடும்பத்துக்குள் நடக்கும் பங்குத் தகராறோ அதில் தெரியாது. அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். "பேங்க்ல இருக்கு" என்றால், எவ்வளவு கடன் பாக்கி என்று வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கல்யாணமாகி வெளியூர் போன தங்கையின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளைக்கு வழக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.

அடுத்து கட்டடம். கூரைத் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லர் போட்ட வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா என்று கேளுங்கள். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் இது பெரிய விஷயம். அனுமதி வாங்கிய வரைபடத்தை வீட்டோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத அறை கட்டியிருந்தால், வங்கிக் கடன் அங்கேயே சிக்கலாம். முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள். சென்னைப் புறநகர் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கட்டப்போகிறீர்கள் என்றால்

மனை அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் முதல் கேள்வி. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. நீங்கள் பார்க்கும் மனை அந்த வகை என்றால், வரன்முறை ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்ற பேச்சு வேண்டாம்.

அனுமதி வாங்குவது இப்போது முன்பு போல அலைச்சல் இல்லை. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி பெறலாம். ஆனால் இது நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதி. தகவல் தவறு என்றால் பொறுப்பும் உங்களுடையதே.

பெரும்பாலும் தகராறு வருவது ஒப்பந்தக்காரரோடுதான். ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று பேசும்போது அதில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட் எல்லாம் பல நேரம் அந்த ரேட்டில் வராது. மேலே போட்ட 2 லட்சம் கூடுதல் செலவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. சிமென்ட், கம்பி, டைல்ஸ், சுவிட்ச் வரை பிராண்டோடு எழுதி வாங்குங்கள். கடைக்கால், லிண்டல், தள கான்கிரீட், பூச்சு என்று வேலை முடிந்த கட்டத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். முடியாத வேலைக்கு முன்பணம் வேண்டாம்.

உங்களுக்கு எது பொருந்தும்?

பிள்ளைகளின் பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டுமா? வாடகையும் தவணையும் சேர்ந்தால் சம்பளம் தாங்காதா? கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போவதால் சைட்டில் நிற்க ஆள் இல்லையா? அப்படியென்றால் கட்டிய வீடே நல்லது. பத்திரம் பார்க்க வழக்கறிஞர், கட்டடம் பார்க்க பொறியாளர் என இருவருக்கும் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

வாரத்தில் மூன்று நாளாவது வேலை நடக்கும் இடத்துக்குப் போக முடியுமா? செலவு 10 சதவீதம் கூடினாலும் வட்டிக்குக் கடன் வாங்காமல் சமாளிக்க முடியுமா? வயதான பெற்றோருக்குப் படியேறாத அறை, வீட்டோடு ஒரு கடை என்று குறிப்பான தேவை இருக்கிறதா? அப்போது கட்டுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் அட்வான்ஸ் கொடுக்கும் நாள்தான் முடிவு நாள். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்பார்கள். பத்திர நகலையும் சர்வே எண்ணையும் கேட்டு வாங்கி, ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு வாரத்தைத் தர மறுக்கிறவரிடம் டோக்கன் போட வேண்டாம். எல்லாம் சரி என்றால், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துவிட்டு, வங்கி வழியாகப் பணத்தை அனுப்புங்கள்.