திரையில் உடற்கூறு படிக்க

முப்பரிமாண உடற்கூறியல் செயலியில் முதலில் பழக வேண்டியது வலம், இடம். உருவம் படிப்பவரைப் பார்த்து நிற்பதால் அதன் வலக்கை திரையின் இடப்புறம் இருக்கும், கல்லீரலும் அப்படியே. இது பிடிபடாமல் மேலே போவது வீண்.

பெரியவர் உடலின் 206 எலும்புகளையும் ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, மணிக்கட்டின் 8 எலும்புகளில் தொடங்குவது நல்லது. தோல், தசை, தசைநாண் என ஒவ்வோர் அடுக்காக மறைத்து எலும்புவரை இறங்கி, பிறகு ஒவ்வொன்றாக மீட்டுக் கொண்டுவர வேண்டும். பெயர்களை அணைத்துவிட்டுத் தாளில் வரைந்து தானே பெயரிட்டால்தான் மனத்தில் நிற்கும். வெறுமனே சுழற்றிப் பார்ப்பது படித்துவிட்ட மயக்கத்தையே தரும்.

செயலி காட்டுவது ஒரு மாதிரி உடல். இரத்தக்குழாய்களின் கிளைப்பு ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட ‘விசிபிள் ஹியூமன்’ ஆண் உடற்படங்கள், உண்மையான உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவி எடுத்தவை. செயலியோடு அவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.