தங்கும் துறவும் திரியும் துறவும்

துறவி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் யாது? காவியுடுத்துத் திருவோடு ஏந்தி ஊர் ஊராகச் செல்லும் ஒருவர். மழைக்காலம் நீங்கலாக ஓரிடத்தில் நெடுநாள் தங்கலாகாது என்பது இந்நாட்டின் பழைய துறவுநெறி. தங்கினால் பற்று முளைக்கும் என அஞ்சினர் முன்னோர். கத்தோலிக்க மடங்களில் பெனடிக்டின் சபையாரின் நெறியோ இதற்கு நேர்மாறானது. சேர்ந்த மடத்துடனேயே சாகும்வரை இருப்பேன் என்பது அவர்தம் வார்த்தைப்பாடுகளுள் ஒன்று. இவ்விரு நெறிகளும் நம் மண்ணில் எதிர்ப்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதை இங்கு ஆராய்வோம்.

யான் குடியிருக்கும் வைட்ஃபீல்ட், பெங்களூருவின் கிழக்குப் பகுதி. இங்கே வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்திற்கே எழுதப்படுகிறது. அதற்குள்ளாகவே வேலை மாறி வீடும் மாறுவோர் பலர். இதே நகரின் மேற்கே, மைசூர்ச் சாலையில் கெங்கேரிக்கு அப்பால், ஆசீர்வனம் என்னும் பெனடிக்டின் மடம் இருக்கிறது. அங்குள்ளோர் மடம் மாறுவதில்லை. ஓரிடத்தில் ஆயுள் முழுதும் எவ்வாறு இருக்க முடியும்?

இதற்கு விடை அவர்களுடைய ஒழுங்கு நூலில் உள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் புனித ஆசீர்வாதப்பர் என வழங்கும் பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிய அந்நூல் 73 அதிகாரங்கள் கொண்டது. 150 சங்கீதங்களையும் வாரந்தோறும் முறைவைத்துப் பாடவேண்டும். செபத்திற்கு ஒரு வேளை, கையால் உழைக்க ஒரு வேளை, வாசிக்க ஒரு வேளை என்று நாள் பகுக்கப்படுகிறது. மண்வெட்டி முதலிய கருவிகளைப் பீடத்துத் திருப்பாத்திரங்களைப்போல் பேணவேண்டும். பெரிய காரியங்களில் இளையவரின் கருத்தையும் மடாதிபதி கேட்கவேண்டும். ஆக, தங்குவது சோம்பியிருப்பது அன்று. நாள்தோறும் அதே மனிதரோடு அதே ஒழுங்கை மீண்டும் தொடங்குவதாம்.

மடத்திற்கு மடம் மூன்று நான்கு நாள் தங்கி அலைவோரை இந்நூலின் முதல் அதிகாரமே கடிந்துரைக்கிறது. ஆயினும், மடத்தில் நெடுங்காலம் பழகியபின் தனித்துச் சென்று தவம் புரிவோரை அது போற்றுகிறது. இக்குறிப்பு பின்வரும் வரலாற்றுக்கு இன்றியமையாதது.

1950 மார்ச் 21. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையிலுள்ள மாந்தோப்பில், பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் இருவர் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். ஒருவர், 1939இல் இந்தியா வந்து குளித்தலைப் பகுதியில் பணிபுரிந்த ஜூல் மோன்ஷானேன். மற்றவர், கெர்கோனான் பெனடிக்டின் மடத்தில் 1929இல் சேர்ந்து, 1948இல் இங்கு வந்த ஆன்றி ல சோ. பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றவர். காவியுடுத்தனர், மரக்கறி உண்டனர், இந்தியர் பலர் வந்து சேர்வர் எனக் காத்திருந்தனர். சிலர் வந்தனர், நிலைத்தவர் இலர்.

இவ்விருவரும் பிரிந்த வழி கருதத்தக்கது. மோன்ஷானேன் காத்திருந்தார். நோயுற்றுப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1957 அக்டோபர் 10இல் மறைந்தார். அபிஷிக்தானந்தரோ 1949இல் இரமண மகரிஷியைக் கண்டதுமுதல் அருணாசலத்தால் ஈர்க்கப்பட்டு அம்மலைக் குகைகளில் தங்கித் தவம் செய்தார். 1968இல் சாந்திவனத்தை விட்டு இமயத்து உத்தரகாசிக்கே சென்றார். ஒழுங்கை மீறிய செயலா இது? பத்தொன்பது ஆண்டு மடத்தில் பழகியவர் தனித்தவம் நாடியது, ஆசீர்வாதப்பரே திறந்துவைத்த வாயிலின் வழியாகத்தான் என்பது என் கருத்து.

அவர் நீங்கிய அவ்வாண்டே, கேரளத்துக் குரிசுமலையிலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் சாந்திவனம் வந்தார். 1993இல் இறக்கும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள், அங்கேயே இருந்தார். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்திருந்தது. இலத்தீன் தனியாட்சி செய்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. நாளுக்கு மூன்று வேளை பொதுச் செபம் அமைந்தது. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு நெற்றியில் இட்டுக்கொள்ளப்பட்டன. சங்கீதங்களுடன் உபநிடதமும் தமிழ்ப் பத்திப் பாடலும் ஓதப்பட்டன. பூசையில் மலரும் தூபமும் கற்பூர ஆரத்தியும் இடம்பெற்றன. இதனை இரு சமயத்தாருள்ளும் கண்டித்தோர் உண்டு. ஆனால் முன்னிருவர் காத்திருந்து காணாத இந்தியத் துறவியர் இப்போது வந்து நிலைத்தனர்.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? தங்கியவர் மரத்தைக் காத்தார். திரிந்தவர் அதன் வேருக்கு நீர் தேடினார். ஒருவரின்றி மற்றவர் பணி முற்றாது. ஆசீர்வனத்தின் வரலாறும் இதனையே காட்டும். அது 1947இல் சேலத்தை அடுத்த சிலுவைகிரியில் தோன்றி, 1957இல் பெங்களூருக்குப் பெயர்ந்தது. மண் மாறியது, குழாமும் நாளொழுங்கும் மாறவில்லை. நிலைபேறு என்பது இடத்தில் இல்லை. கூடியிருப்போரிடத்தும் வேளை தவறாத வழிபாட்டிடத்தும் உள்ளது. ஊர்விட்டு ஊர் வந்து கற்கும் நமக்கு இஃது எண்ணத்தக்கதோர் உண்மையாகும்.