குத்தகை நிலத்திற்கு எழுத்து வேண்டும்

பெருநகர், உத்திரமேரூர் பகுதிகளில் குத்தகைக்குப் பயிரிடுவோரிடம் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும்படி கூறினால், "அடுத்த பட்டத்தில் நிலம் யார் கையிலோ!" என்பார்கள். நியாயமான பேச்சுதான். நில உடைமையாளருக்கோ, எழுதிக் கொடுத்தால் நிலமே போய்விடும் என்ற அச்சம். ஆகவே வாய்ச்சொல்லாகக் குத்தகைக்கு விட்டு, அடிக்கடி ஆளை மாற்றுகிறார். இடையில் கெடுவது மண்.

இவ்விருவருக்கும் பயன்படும் சட்டம் 1955 முதல் உள்ளது. அதுவே தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்புத் தந்து பயிரிடுபவரே இதன்படி குத்தகைதாரர். ஆள் வைத்து மேற்பார்வை மட்டும் பார்ப்பவர் ஆகமாட்டார். குத்தகை பாக்கி, நிலத்தையோ பயிரையோ பாழாக்குதல், சாகுபடியைக் கைவிடுதல், வேளாண்மை அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்துதல், உடைமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகியவை வெளியேற்றக் காரணங்கள். அப்போதும் உடைமையாளர் தாமே வரப்பில் இறங்கித் தடுக்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ, வருவாய் நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கோ மனுச் செய்ய வேண்டும்.

ஏரி நிரம்பாமல் பயிர் பொய்த்து, குத்தகை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்கும் அதிகாரி இரு தரப்பாரின் நிலைமையையும் பார்த்து, பாக்கியையும் செலவுத் தொகையையும் கட்டத் தவணை தரலாம். தவணைக்குள் கட்டினால் வெளியேற்ற மனு தள்ளுபடியாகும். உடைமையாளருக்குப் பணம் கிடைக்கும், குத்தகைதாரருக்கு நிலம் நிற்கும். விசாரணைக்கு அழைப்பு வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சில இடங்களில் நெல்லை அளக்கப் போனால் வாங்க மறுத்து, பின்னர் "பாக்கி" என்பதும் உண்டு. அப்போது கெடு தேதியிலிருந்து ஒரு மாதத்திற்குள், அன்றைய சந்தை விலைப்படி தொகையை அதே அதிகாரியிடம் உடைமையாளர் கணக்கில் கட்டிவிடலாம். வாங்கிக்கொண்டால் ரசீது கேளுங்கள். உறவினராயினும் கேளுங்கள்!

நியாயக் குத்தகை, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 விழுக்காடு. ஏக்கருக்கு 24 மூட்டை விளையும் நிலமானால் 6 மூட்டை.

குத்தகை ஒப்பந்தத்தை மூன்று படிகளாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கொன்று, மூன்றாவது வட்டாட்சியர் அலுவலகத்திற்கு. சர்வே எண், பரப்பு, குத்தகை அளவு, கொடுக்கும் நாள் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். எழுத்தில் இருந்தால், பாக்கி எவ்வளவு என்பதை உடைமையாளரும் எளிதில் மெய்ப்பிக்கலாம். இதனுடன் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கவும் மனுச் செய்யுங்கள். விசாரணையில் அடங்கல் நகலும் பழைய ரசீதுகளும் கைகொடுக்கும்.

கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அந்நிலங்களைப் பயிரிடுவோர் அதன்படி விசாரித்துக்கொள்ளவும்.