பழைய வாகனங்களிற் பெற்றோல் ஆவிக் கசிவைக் கண்டறிதல்

நுவரெலியா, அற்றன் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோர் பலர் கோவா, லீக்ஸ், கரட் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பழைய பெற்றோல் வான்களையே நம்பியுள்ளனர். இவ்வாகனங்களிற் பெற்றோல் மணம் வீசுவதைப் பலர் வழக்கமானதென்று எண்ணிப் பொருட்படுத்துவதில்லை. அம்மணம் கசிவின் அறிகுறியாகும். அதனாற் பணம் வீணாவதோடு வீட்டுக்கும் உயிருக்கும் ஆபத்து நேரலாம். 2022 யூன் மாதத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திரார்.

ஆபத்தின் தன்மை

பெற்றோல் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமுடையது. ஆதலின் அது மேலெழாது நிலத்தோடு படர்ந்து பள்ளத்தை நாடும். வாகனத்தை மேட்டிலே நிறுத்தினால், ஆவி சரிவில் இறங்கிக் கீழுள்ள லயன் அடுப்பை அடையலாம். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே தீப்பற்றும். நுவரெலியாவின் குளிரிற் கூடப் பெற்றோல் ஆவியாவது நிற்பதில்லை.

மலைநாட்டில் இது மிகுவதேன்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கொழும்பிலுள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பிற் பெற்றோல் நிரப்பி மலையேறும்போது புறக்காற்றின் அழுத்தம் குறைய, தாங்கியினுள் உள்ள ஆவி வெளியே தள்ளும். சமவெளியில் வெளித்தெரியாத சிறு வெடிப்பு மலையிலே மணமாக வெளிப்படும். இறங்கும்போது இதற்கு மாறாக நிகழும். மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருப்பின் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் வராது இயந்திரம் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுபடும் ஓசை கேட்டு, இயந்திரம் மீண்டும் ஓடுமாயின் குற்றம் அத்துளையிலேயே உள்ளது.

மணம் எழும் வேளையைக் கொண்டு இடத்தை அறிதல்

1. பெற்றோல் நிரப்பியபின் மட்டும் மணந்தால், மூடியின் றப்பர் வளையம், நிரப்பு குழாயின் றப்பர் இணைப்பு, தாங்கியின் மேலுள்ள அளவுகாட்டியின் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க.

2. ஓடி வந்து நிறுத்திய சிறிது நேரத்தில் மணந்தால், காபுரேற்றரையும் அதன் குழாய்களையும் பார்க்க. இயந்திரச் சூட்டினால் அதிலுள்ள பெற்றோல் ஆவியாகின்றது.

3. ஓடும்போதே மணந்தால், பெற்றோல் குழாயில் திரவமே ஒழுகக்கூடும். உடனே இயந்திரத்தை நிறுத்துக.

4. இயந்திர எண்ணெயிற் பெற்றோல் மணந்தால், பழைய பெற்றோல் பம்பியின் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். எண்ணெய் நீர்த்து இயந்திரம் தேயுமாதலால் பம்பியைத் திருத்தி எண்ணெயையும் மாற்றுக.

சோதிக்கும் முறை

வாகனத்தை அடுப்புக்கு அப்பால், திறந்த வெளியில் நிறுத்துக. இயந்திரம் ஆறியபின், மூடியை மெல்லத் திருகித் திறந்து றப்பர் வளையத்தை விரலாற் தடவுக. அது வெடித்தோ தட்டையாகியோ கடினமாகியோ இருந்தால் மாற்றுக. பின்பு மூடியை இறுக்கி, வாகனம் வெயிலிற் சற்று நின்றதும், சவர்க்கார நீரைத் தூரிகையால் இணைப்புகளில் தடவுக. தாங்கியினுள் ஆவியழுத்தம் தானே எழுந்து, கசியும் இடத்திற் குமிழி தோன்றும். றப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்தால் மறைந்த வெடிப்பும் தெரியும்.

சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பியைத் தாங்கியில் ஒருபோதும் இணைக்கலாகாது. சக்கரத்தில் சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அழுத்தம் உண்டு. தாங்கிச் சோதனைக்கு அரை இறாத்தலே போதும். மிகுந்தால் தாங்கி பிளக்கும்.

சில வாகனங்களில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி உண்டு. ஓடும்போது இயந்திரம் அவ்வாவியை இழுத்து எரித்துவிடும். தாங்கியை விளிம்புவரை நிரப்பினால் திரவம் கரிப்பெட்டியுட் புகுந்து கரியைக் கெடுக்கும். ஆகவே நிரப்பும் குழாய் தானாக நின்றதும் நிறுத்துக.

செய்யத்தகாதவை

குப்பி விளக்கு, தீக்குச்சி, பீடி ஆகியவற்றுடன் வாகனத்தை நெருங்கலாகாது. இரவிற் பார்க்க நேர்ந்தால் மின்சூளைத் தூரத்திலேயே ஏற்றிக்கொண்டு வருக. ஓட்டையைச் சவர்க்காரக் கட்டியால் அடைத்து ஓட்டுவது நிலையான திருத்தமன்று. தாங்கியை வீட்டிற் பற்றவைக்க முயலவே கூடாது. வெறுந்தாங்கியில் எஞ்சிய ஆவியும் வெடிக்கும். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்க.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருப்பதே போதுமென்று எண்ணற்க. அச்சோதனை வெளிக்குழாய்ப் புகையையே அளக்கின்றது. தாங்கியின் கசிவை அது காட்டாது. மரக்கறி ஏற்றுமுன் வாகனத்தை ஒருமுறை சுற்றிவந்து முகர்ந்து பார்ப்பதைக் கமக்காரர் வழக்கமாகக் கொள்க. ஒரு றப்பர் வளையத்தைக் காலத்தில் மாற்றினால், பெற்றோலும் மிஞ்சும், வீடும் காக்கப்படும்.