பல லட்சம் பேர் வைத்திருக்கிறார்களாம்

சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் வரை, கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமோ வேர்ட்பிரஸில் அகப்பக்கம் நடத்துகிற எந்த இடத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். “அண்ணே, இந்த பிளக்இன்னைப் பல லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள். செய்தவனே சோதித்துத்தான் விட்டிருப்பான். நமக்கு எதற்குத் தனிச் சோதனை?”

எதற்கா? அந்தப் பல லட்சம் பேரில் எத்தனை பேர் பெயருக்கு நடுவே சாய்வுக்கோடு இருக்கிறது?

நம் மைகார்டில், அதாவது அடையாள அட்டையான ஐசியில், இருக்கிறது. ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) இல்லாமல் நமக்குப் பெயர் ஏது? பெயர்க் கட்டத்தில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று பாரம் பிளக்இன்னில் விதி இருந்தால், ஐசியில் உள்ளபடி தட்டுகிற பீடோங் பையனுக்குச் சிவப்பு எச்சரிக்கைதான் வரும். அதைத் தாண்டினாலும், சான்றிதழ் பிளக்இன் அந்தப் பெயரையே கோப்புப் பெயராக வைத்துச் சேமிக்கப் பார்க்கும். சர்வருக்குச் சாய்வுக்கோடு என்றால் ஃபோல்டர் பிரிக்கிற குறி. ‘முருகன் ஏ’ என்ற இல்லாத ஃபோல்டரைத் தேடிவிட்டு நின்றுபோகும்.

அடுத்தது, பிறந்த ஆண்டு-மாதம்-நாளில் தொடங்கும் ஐசி எண். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது பூஜ்யத்தில் தொடங்கும். அதை வெறும் எண்ணாகச் சேமிக்கிற பிளக்இன், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகும். 2000-இல் பிறந்தவருக்கு 10-தான் மிஞ்சும்; செப்டம்பருக்குள் பிறந்திருந்தால் 9-தான். ஒரு சங்கத்தின் கல்வி உதவிநிதிப் பாரத்தில் இதைச் செய்து வைத்தவன் நானேதான். நானும் அன்றைக்கு ‘பல லட்சம் பேர்’ கட்சி. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு ஐசி எண் கேட்டேன்.

வார விடுமுறையைச் சொல்லவே வேண்டாம். நம் கெடாவில் அது வெள்ளியும் சனியும். மண்டப முன்பதிவு பிளக்இன்னுக்கோ சனி, ஞாயிறு மட்டும்தான் தெரியும். மலேசியாவுக்கென்றே செய்ததாக விற்றாலும், கோலாலம்பூரில் உட்கார்ந்து செய்தவருக்கு நம் ஞாயிறு வேலைநாள் என்பது நினைவுக்கு வருமா? ஜொகூர்கூட 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது.

வேர்ட்பிரஸ் பட்டியலில் ‘இந்தப் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்குமே, அதைக் காட்டி என்னிடம் வாதாடுகிறார்கள். அந்த வரியை எழுதுவதே பிளக்இன்னைச் செய்தவர்தான், ஐயா!

நான் கேட்கிற செயல்பாட்டுச் சோதனை பெரிய வித்தையல்ல. ஒரு சிறு நிரல் பிரவுசரைத் திறக்கும், ஆள் நிரப்புவதுபோல் பாரத்தை நிரப்பும், பொத்தானை அழுத்தும், பதிவு சரியாக விழுந்ததா என்று பார்க்கும். தளத்தில் இருக்கும் மற்ற பிளக்இன்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வோர் அப்டேட்டுக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. ஒவ்வொரு துண்டையும் தனியே பார்க்கிற யூனிட் டெஸ்ட் தேறினால் போதுமாம்: தனித்தனியே தேறிய இரண்டு பிளக்இன்கள் ஒரே ஹூக்கில், அதாவது நிரலை மாட்டும் ஒரே கொக்கியில், தொங்கும்போது அடித்துக்கொள்ளக்கூடும். நேரடித் தளத்திலேயே சோதிக்கலாமாம்: வேர்ட்பிரஸின் சோதனைத் தொகுப்பு டேபிள்களை எல்லாம் அழித்துவிடும் என்று அதன் அமைப்புக் கோப்பே எச்சரிக்கிறது. பிளக்இன்னை நிறுத்திவிட்டால் தடயமே இருக்காதாம்: தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள், அப்படியே கிடக்கும்.

இன்னொன்று, கேட்கிறவர்கள் சிரித்தாலும் சொல்வேன்: சோதனைகளைத் தமிழிலேயே எழுதுங்கள். சோதனைகளைச் சாதாரண வாக்கியங்களாக எழுத உதவும் கெர்கின் மொழியில் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘அம்சம்’, ‘காட்சி’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ என்று எழுதினால் அது புரிந்துகொள்ளும். (‘கொடுக்கப்பட்ட’ என்று தொடங்கும் வரி மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான் எழுதியதை ஒரு தோட்டக் கோயில் செயலாளரிடம் காட்டினேன். நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

“எல்லாம் சரி தம்பி. ஐசியில பேருக்கு நடுவுல ‘@’ போட்டவங்க இருக்காங்களே, அவங்க எங்க?”

என் பட்டியலில் அவர்கள் இல்லை.